நீளமான ஆங்கிலச் சொல் வாயில் உடைகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சொல் தெரியும், ஸ்பெல்லிங் தெரியும், அர்த்தம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். ஆனால் போனில் அதைச் சொன்னதும் எதிர்முனையில் "சாரி?" என்று ஒரு குரல். திரும்பச் சொல்கிறோம், இந்தத் தடவை இன்னும் சத்தமாக, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அழுத்தி. மறுபடியும் "சாரி?". சத்தம் போதாமல் இல்லை, சொல்லை வெட்டிய இடம்தான் தப்பு.

எனக்கு இது 'டெவலப்மென்ட்' என்ற சொல்லில் நடந்தது. பத்து வருடம் மென்பொருள் வேலையில் குப்பை கொட்டியபிறகு, செய்கிற வேலையின் பெயரையே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புரியவைக்க முடியவில்லை என்றால் எவ்வளவு கடுப்பாக இருக்கும் பாருங்கள். நான் 'டெ'யில் அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் காது டி-ˈவெ-லப்-மன்ட் என்று 'வெ'யில் அழுத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் தோண்டித் துருவிப் பார்த்ததில் புரிந்தது இதுதான். ஒரு நீளச் சொல்லை மூன்று விதமாக வெட்டலாம். ஒலியாக வெட்டினால் அசை, அந்த அசைகளில் எது தூக்கலாக ஒலிக்கிறது என்று பார்த்தால் அழுத்தம், பொருள்படி வெட்டினால் முன்னொட்டு, பகுதி, விகுதி. இந்த மூன்று வெட்டும் ஒரே இடத்தில் விழும் என்று நினைத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் தொடங்குகிறது.

குறியீடு ஒன்று: அகராதிகளில் வருவது போலவே, அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்று ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறேன். அசைகளுக்கு நடுவே சிறு கோடு. அவ்வளவுதான்.

எங்கே கோளாறு என்று தெரிய, போனில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஏதாவது ஓர் இணைய அகராதியில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி அதே சொல்லைக் கேளுங்கள். இரண்டுக்கும் விரல்விட்டு அசைகளை எண்ணுங்கள். எண்ணிக்கையே ஒத்துவரவில்லை என்றால் கீழே முதல் பகுதி. எண்ணிக்கை சரி, ஆனால் ராகம் வேறு என்றால் அதற்கடுத்தது. உச்சரிப்பு சரியாக இருந்து, பொருளிலோ ஸ்பெல்லிங்கிலோ கோட்டைவிடுகிறீர்கள் என்றால் நேராகப் பின்பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: அகராதியில் நாலு அசை, என் வாயில் ஏழு

'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்பதை எடுத்துக்கொள்வோம். இன்-ஃப்ரா-ஸ்ட்ரக்-சர், நாலே அசை. நம் ஊரில் இது இன்-ஃப-ராஸ்-டி-ரக்-ச-ரு என்று ஏழாகிவிடும். காரணம் சோம்பல் இல்லை, இலக்கணம். தமிழ்ச் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது, கடைசியில் க், ட், ப் போன்ற வல்லின மெய் வராது. அதனால் வாய் தானாகவே எங்கெல்லாம் மெய்கள் நெருக்குகின்றனவோ அங்கெல்லாம் ஓர் இகரத்தையோ உகரத்தையோ இலவசமாகச் செருகும். பிரமாணத்தின் முதலில் 'பி' வந்தது இந்த வாய்வழக்கத்தால்தான். ஓரசைச் சொல்லான ஸ்கூல் மூன்றசை இஸ்கூலு ஆவதும், பல்ப் பல்பு ஆவதும், ஃபில்ம் ஃபிலிம் ஆவதும் அதே கணக்கு.

சரிசெய்ய, சொல்லைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் 'சர்', பிறகு 'ரக்-சர்', பிறகு 'ட்ரக்-சர்'. இந்த மூன்றும் சுத்தமாக வந்தபிறகு, குக்கரில் ஆவி கசிவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி, மூச்சை நிறுத்தாமல் அதன் வாலிலேயே 'ட்ரக்'கை ஒட்டுங்கள். நடுவே 'டி' என்று ஓர் உயிர் எட்டிப்பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. நாலைந்து தடவையில் வந்துவிடும். முன்னால் 'இன்ஃப்ரா' சேர்ந்ததும் இன்னும் சுலபம், ஏனென்றால் அந்த 'ஸ்' சாய்ந்துகொள்ள ஓர் ஆகாரம் கிடைத்துவிடுகிறது.

எழுத்தை எண்ணி அசையைக் கணிக்க முயலவேண்டாம். வலிமைகள் என்று பொருள்படும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' ஆங்கிலத்தில் 9 எழுத்து, அசை ஒன்று. 'ஏரியா' 4 எழுத்து, அசை மூன்று. எண்ணவேண்டியது உயிரொலிகளை மட்டும்.

தமிழ் வகுப்பில் அலகிட்டுப் பழகியவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு பள்ளம் உண்டு. யாப்பில் வரும் அசையும் ஆங்கில சிலபிளும் ஒன்றல்ல. 'கருவிளம்' நமக்கு நிரை நிரை, அதாவது இரண்டு அசை. ஆங்கிலக் கணக்கில் அதுவே க-ரு-வி-ளம் என்று நாலு. நிரையசையில் இரண்டு உயிர் அடங்கிவிடுவதால் வரும் வித்தியாசம் இது. ஆகவே இந்தக் கட்டுரையில் அசை என்றால் ஓர் உயிரொலியும் அதோடு ஒட்டிய மெய்களும், அவ்வளவே. யாப்பைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், ஆனால் தூக்கிப்போடவேண்டாம், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. எழுத்தில் இருக்கும் உயிரை ஆங்கிலேயர்களே விழுங்கிவிடும் சொற்கள். கம்ஃபர்ட்டபிள் பெரும்பாலும் ˈகம்ஃப்-ட-பல், மூன்றே அசை. சாக்லேட் ˈசாக்-லட். பிசினஸ் ˈபிஸ்-னஸ். வெஜிடபிள் ˈவெஜ்-ட-பல், அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற டேபிள் எதுவும் இல்லை. இவற்றுக்கு விதி தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம், அடிக்கடி புழங்கும் ஒரு பத்துப் பன்னிரண்டு சொல்தான், காதால் பிடித்துக்கொண்டால் போதும்.

இறந்தகால விகுதியில் மட்டும் தெளிவான விதி உண்டு. வினையின் கடைசி ஒலி ட் வகையாக இருந்தால்தான் அந்த விகுதி தனி அசை: வான்-டிட், நீ-டிட். மற்ற எல்லாவற்றிலும் அது வெறும் மெய்யாக ஒட்டிக்கொள்ளும்: வாக்ட், குக்ட், வாஷ்ட் எல்லாம் ஓரசைதான். 'குக்-கெட்', 'வாஷ்-ஷெட்' என்று சொல்லிப் பழகியிருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், ஒரு வாக்கியத்தில் நாலு வினை வந்தால் நாலு அசை மிச்சமாகும்.

அறிகுறி: எண்ணிக்கை சரி, ஆனாலும் "சாரி?" என்கிறார்கள்

அழுத்தக் கோளாறு. உள்ளதிலேயே பெரிய தலைவலி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

தமிழில் ஒரு சொல்லின் அசைகள் ரயில் பெட்டி மாதிரி, ஏறக்குறைய ஒரே கனத்தில் வரிசையாகப் போகும். அழுத்தத்தை இடம் மாற்றிப் போட்டாலும் சொல் மாறாது. ஆங்கிலத்தில் ஒரு பெட்டிதான் எஞ்சின். அந்த அசை நீளமாக, குரல் சற்று உயர்ந்து, உயிரொலி முழுசாகக் கேட்கும். மற்றவை சுருங்கிவிடும். கேட்பவர் அந்த முழு உயிரைப் பிடித்துக்கொண்டுதான் மூளைக்குள் சொல்லைத் தேடுகிறார், நாம் எஞ்சினை வேறு இடத்தில் மாட்டினால் அவர் வேறு அலமாரியில் தேடுவார்.

சுருங்குவது என்றேனே, அது என்ன? வாயைத் திறக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு சொல்கிற ஒரு மங்கலான அகரம். தமிழ் எழுத்தில் அதற்கு உரு இல்லை, அழுத்தமில்லாத அசைகளில் நான் போட்டிருக்கும் அகரத்தைப் பெரும்பாலும் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். இது நமக்கு ஒன்றும் அந்நியமான சமாசாரம் இல்லை. 'நாக்கு' என்பதன் கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது, குற்றியலுகரம் என்று படித்தோம். 'தலைவன்' என்று எழுதிவிட்டுப் பேச்சில் ஏறக்குறைய 'தலவன்' என்கிறோம், ஐகாரக்குறுக்கம். நாம் இரண்டு மூன்று உயிருக்குச் செய்வதை ஆங்கிலம் அழுத்தமில்லாத பெரும்பாலான உயிர்களுக்கும் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் நாம் விழுகிறோம்.

சரி, அழுத்தம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீளச் சொல்லைக் கடைசியிலிருந்து வாசியுங்கள். பெரும்பாலும் விகுதிதான் முதலாளி.

சில விகுதிகள் அழுத்தத்தைத் தமக்கு நேர் முன்னால் உள்ள அசைக்கு இழுத்துவரும். -ஷன், -ஷியன், -இக், -இகல், -இட்டி, -லஜி, -கிரஃபி எல்லாம் இந்த ரகம். எக்ஸாமினேஷன் இக்-ஸா-மி-ˈநே-ஷன் ஆகிறது. எலக்ட்ரிசிட்டி இ-லெக்-ˈட்ரி-சி-டி. பயாலஜி பை-ˈயா-ல-ஜி. எத்தனை விகுதி அடுக்கினாலும் இழுப்பவற்றில் கடைசியாக வருவதே ஜெயிக்கும். ரி-ˈஸ்பான்-ஸி-பல் என்பதன் அழுத்தம், பின்னால் -இட்டி வந்ததும் அங்கிருந்து கழன்று ரி-ஸ்பான்-ஸி-ˈபி-லி-டி என்று நகர்ந்துவிடும். கணினிக்காரர்கள் சொல்லச் சோம்பல்பட்டு ஐ18என் என்று சுருக்கிய 'இண்டர்நேஷனலைசேஷன்' இருக்கிறதே, முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 18 எழுத்து என்பதால் அந்தப் பெயர், அதிலும் ஆறு அசை ஓடி முடித்தபின் கடைசி -ஷனுக்கு முன்னால் இருக்கும் 'ˈஸே'யில்தான் எஞ்சின்.

சில விகுதிகள் அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். என்-ஜி-ˈநியர், வா-லன்-ˈடியர், ஜா-ப-ˈநீஸ். இஞ்சினியர் என்று முதல் அசையில் தொடங்கிப் பழகிய ஊர் நம்முடையது, இதை மாற்ற ஒரு வாரமாவது ஆகும். கமிட்டி மட்டும் ஏமாற்றும். எழுத்தில் இந்தக் கூட்டத்தோடு நிற்கும், ஒலியில் க-ˈமி-டி.

மூன்றாவது ரகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். -நஸ், -ஃபுல், -லஸ், -லி, -மன்ட், -அர் வந்தால் அழுத்தம் அசையாது. ஆக டெவலப்மென்ட்டில் -மன்ட்டைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் டி-ˈவெ-லப்பைப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது. எனக்கு இதை யாராவது முதல் வருடமே சொல்லியிருக்கலாம்.

-இக் விதிக்குத் தப்பி ஓடிய சிலவும் உண்டு: ˈபா-ல-டிக்ஸ், ˈஆ-ர-பிக், ˈலூ-ன-டிக், கணக்கு என்ற பொருளில் அ-ˈரித்-ம-டிக். பட்டியல் சின்னது, பயப்படவேண்டாம்.

-ஏட் விகுதியில் ஒரு நுணுக்கம். மூன்று அசையோ அதற்கு மேலோ உள்ள சொற்களில் பெரும்பாலும் அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவதில்: க-ˈம்யூ-னி-கேட். வினையாக இருந்தால் அந்தக் கடைசி அசை 'ஏட்' என்று முழுசாக ஒலிக்கும், பெயராகவோ பெயரடையாகவோ இருந்தால் 'அட்' என்று சுருங்கும். ஆகவே நாம் எல்லோரும் அலுவலகம் அலுவலகமாகத் தூக்கிக்கொண்டு அலையும் சர்டிஃபிகேட் உண்மையில் சர்-ˈடி-ஃபி-கட். இதைப் போய் தாசில்தார் அலுவலகத்தில் சொல்லிப் பார்க்காதீர்கள், அங்கே சர்டிஃபிகேட்தான் செல்லும்.

விகுதி எதுவுமே இல்லாத பெயர்ச்சொல் என்றால்? இப்போது ஓரமாக வைத்த யாப்பை எடுங்கள். லத்தீன் வழியாக வந்த பெயர்ச்சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையின் எடையைப் பாருங்கள். அதில் நெடிலோ, குறிலை அடுத்து ஒற்றோ இருந்தால் கனமான அசை, அழுத்தம் அங்கேயே: அ-ˈரோ-ம, அ-ˈஜென்-ட, நோ-ˈவெம்-பர். வெறும் குறில் என்றால் அது தாங்காது, அழுத்தம் ஒரு படி முன்னால் போகும்: ˈசி-னி-ம, ˈகே-ம-ர, அ-ˈமெ-ரி-க, ˈஹாஸ்-பி-டல். குறில், நெடில், ஒற்று பார்த்து எடைபோடும் பழக்கம் நமக்குப் பள்ளியிலேயே வந்துவிட்டது, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குத்தான் இதைப் புதிதாக விளக்கவேண்டியிருக்கும்.

ஆனால் இந்த எடை பார்க்கும் பழக்கமே சில இடங்களில் காலை வாரும். 'லின்'னில் ஒற்று இருப்பதால் நம்மில் பலர் சி-ˈலிண்-டர் என்கிறோம். அது ˈசி-லின்-டர். காலண்டரும் அப்படியே, ˈகா-லன்-டர். விதியை மீறிய சொற்கள், நம் காது விதியைச் சரியாகவே பிடித்திருக்கிறது, சொல்தான் ஒழுங்கீனம்.

அறிகுறி: ஒரு சொல் சரியாக வருகிறது, அதன் பங்காளிச் சொல் வருவதில்லை

ˈபா-ல-டிக்ஸ். ப-ˈலி-டி-கல். பா-ல-ˈடி-ஷன். அரசியல், அரசியல் சார்ந்த, அரசியல்வாதி. ஒரே குடும்பம், மூன்று அண்ணன் தம்பிகள், அழுத்தம் மூன்று வெவ்வேறு அசையில். அழுத்தம் நகரும்போது பின்னால் விட்டுப்போன உயிர் வாடுகிறது, புதிதாக ஏறிக்கொண்ட உயிர் மலர்கிறது. முதல் சொல்லில் 'பா' என்று முழுசாக இருந்தது இரண்டாவதில் வெறும் 'ப' ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

இதற்கு மருந்து, சொல்லைத் தனியாகப் படிக்காமல் குடும்பமாகப் படிப்பது. நோட்டில் ஒரு வரியில் மூன்றையும் எழுதி, கோடு போட்டு, மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். அடுத்த வரி: இ-ˈகா-ன-மி, ஈ-க-ˈநா-மிக், இ-ˈகா-ன-மிஸ்ட். வாயை மூடி 'ம்' என்று மட்டும் ராகம் இழுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ம்-ˈம்ம்ம்-ம்-ம் என்று வந்தால் எகானமி, ம்-ம்-ˈம்ம்ம்-ம் என்று வந்தால் அரசியல்வாதி. மெய்யெழுத்துகளின் தொந்தரவு இல்லாமல் அழுத்தம் மட்டும் காதுக்குத் தெரியும்.

குடும்பத்திலேயே வில்லங்கமானது உச்சரிப்பு என்று பொருள்படும் சொல். உச்சரி என்ற வினை ப்ர-ˈநவுன்ஸ். அதிலிருந்து பெயர் எடுத்தால் ப்ர-நன்-சி-ˈயே-ஷன், நடுவே 'நவுன்' கிடையாது, எழுத்திலும் அந்த ஓ கழன்றுவிடும். உச்சரிப்பு என்பதையே தப்பாக உச்சரிக்கும் ஆங்கில ஆசிரியர்கள் கணிசமாக உண்டு. நானும் கல்லூரி முடிக்கும்வரை அந்தக் கூட்டம்தான்.

அறிகுறி: ஸ்பெல்லிங்கில் இரட்டை எழுத்தா, ஒற்றையா என்று திணறல்

இங்கே காதை நம்பவேகூடாது, பொருள் வெட்டைத்தான் பார்க்கவேண்டும். ஆங்கில எழுத்து ஒலியைவிட உறுப்புகளை விசுவாசமாகக் காட்டும். 'தேவையற்ற' என்று பொருள்படும் அன்னெசஸரியில் அன் என்ற முன்னொட்டு ஓர் என்னோடு முடிகிறது, நெசஸரி ஓர் என்னோடு தொடங்குகிறது, ஆக இரண்டு என். 'மறைந்துபோ' என்ற டிஸப்பியரில் டிஸ் முடிந்ததும் அப்பியர் தொடங்குகிறது, ஆக ஒரே எஸ். டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் என்பதில் டிஸ்ஸும் சாட்டிஸ்ஃபைடும் ஆளுக்கு ஓர் எஸ் கொண்டுவருகின்றன. கணக்கு அவ்வளவுதான்.

இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் மூன்றிலும் இருப்பது ஒரே 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு. பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப வேடம் மாற்றிக்கொள்கிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அந்த மகரம் ஙகரமான அதே புணர்ச்சி. இல்லீகலில் இரண்டு எல் எழுதினாலும் ஒலியில் ஒன்றுதான், இ-ˈலீ-கல். இரட்டை எழுத்து இங்கே ஒலிக்காக இல்லை, தையல் போட்ட இடத்தைக் காட்ட.

ஒலிக்காத எழுத்துகளும் பல இடங்களில் இதே வேலையைத்தான் செய்கின்றன. கையெழுத்துப் போடு என்னும் 'சைன்' என்பதில் ஜி எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ˈசிக்-ன-சர் என்று சொல்லிக்காட்டுங்கள், ஒளிந்திருந்த ஜி எழுந்துவரும். மசில் என்ற தசையில் ஒலிக்காத சி, ˈமஸ்-க்யு-லரில் கேட்கும். எலக்ட்ரிக்கில் 'க்' ஆக இருக்கும் சி, எலக்ட்ரிசிட்டியில் 'ஸ்' ஆகி, எலக்ட்ரிஷியனில் 'ஷ்' ஆகிறது. வாய் மூன்று விதமாகச் சொன்னாலும் எழுத்து ஒன்றாகவே நிற்பதால்தான் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. வந்தான் என்பதில் பகுதி 'வ' இல்லை, 'வா'தான், விகாரப்பட்டுக் குறுகியிருக்கிறது என்று பகுபத உறுப்பிலக்கணத்தில் எழுதுவோமே, ஏறக்குறைய அதுபோலத்தான் இதுவும்.

அறிகுறி: பிரித்துப் பொருள் சொன்னால் தலைகீழாகப் போகிறது

பெட்ரோல் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். இன் என்றால் இல்லை, ஆகவே தீப்பிடிக்காது என்று பிரித்துவிட்டு அந்த லாரிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் கதை முடிந்தது. அந்த இன் எதிர்மறை அல்ல. கொளுத்து என்னும் லத்தீன் வினையோடேயே சேர்ந்து வந்த 'உள்ளே' என்ற இன். அதனால்தான் ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள். முன்னொட்டைப் பார்த்ததும் பொருள் சொல்லிவிடாமல், அதைக் கழற்றினால் மிச்சம் நிற்கும் சொல் எதிர்ப்பதமாக வருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

ஹெலிகாப்டரை ஹெலி, காப்டர் என்று வெட்டுவது அடுத்த பிரபலமான தப்பு. ஒலியாக ˈஹெ-லி-காப்-டர். பொருளாக வெட்டினால் ஹெலிக்கோ, ப்டெர்: கிரேக்கத்தில் சுருள், இறக்கை. 1861-இல் குஸ்தாவ் தெ பொந்தோன் தமேகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கோத்த சொல். பழங்காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோடாக்டிலின் முன்னால் ஒலிக்காமல் நிற்கும் பி-யும் இதே இறக்கைதான். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களே ஒலியைப் பார்த்துத் தப்பாக வெட்டி, ஹெலிபேட் என்றும் குவாட்காப்டர் என்றும் புதுச்சொல் உண்டாக்கிவிட்டார்கள். ஊரே தப்பாக வெட்டினால் அதுவே உறுப்பாகிவிடும். ஹாம்பர்க் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரிலிருந்து 'பர்கர்' தனியாகக் கழன்றதும் இதே விதத்தில்தான்.

வேறு சில சொற்களில் இரண்டு வெட்டும் சரி. அன்லாக்கபிள் என்றால் பூட்ட முடியாததா, பூட்டைத் திறக்கக்கூடியதா? 'அன்' என்பதைக் கடைசியில் சேர்த்தால் முதல் பொருள், 'அபிள்' என்பதைக் கடைசியில் சேர்த்தால் இரண்டாவது. பலகை என்பதைப் பலகையாகவும் பல கைகளாகவும் கொள்ளலாம், பொதுமொழி என்று நன்னூல் பெயரே வைத்திருக்கிறது. அங்கேயும் இங்கேயும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அறிகுறி: அகராதியில் போட்ட புள்ளியும் நான் எண்ணிய அசையும் ஒத்துவரவில்லை

பல அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி வைத்திருப்பார்கள். அது அசைப் புள்ளி என்று நம்பித்தான் பலரும் குழம்புகிறார்கள். உண்மையில் வரி முடிகிற இடத்தில் சொல்லை உடைக்கவேண்டி வந்தால் எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குக் காட்டும் அடையாளம் அது. வரிக்கடைசியில் ஓர் எழுத்து மட்டும் அநாதையாக நிற்கக்கூடாது என்பதால், 'அகெயின்' இரண்டு அசையானாலும் புள்ளி வராது. அசை வேண்டுமானால் பக்கத்தில் உள்ள உச்சரிப்புக் குறியைப் பாருங்கள்.

பழைய வழக்கப்படி பிரிட்டிஷ் அச்சில் பொருள் பார்த்து வெட்டுவார்கள், அமெரிக்காவில் ஒலி பார்த்து. அறிவு என்னும் 'நாலெட்ஜை' ஒருவர் 'நோ' என்ற வினை முடியுமிடத்தில், அதாவது எல்லுக்கு முன்னால், உடைத்தால், மற்றவர் எல்லுக்கு அப்புறம் உடைப்பார். கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க முயன்று ஃபிராங்க்ளின் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வேடே எழுதினார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இன்றும் அவர் முறையில்தான் ஆங்கிலச் சொல்லை உடைக்கிறது. ஆனாலும் 'ரெக்கார்ட்' போன்ற சொல் வந்தால் எழுத்தை மட்டும் பார்க்கிற எந்தக் கணினியும் கையைப் பிசையவேண்டியதுதான். பெயர்ச்சொல் என்றால் ˈரெக்-கர்ட், சி-க்கு அப்புறம் உடைக்கவேண்டும். வினை என்றால் ரி-ˈகார்ட், சி-க்கு முன்னால். பிரசன்ட், ஆப்ஜெக்ட், பெர்மிட் எல்லாவற்றிலும் இதே கதை: பெயருக்கு முன்னசை, வினைக்குப் பின்னசை.

இன்னொன்று, இரண்டு அகராதி இரண்டு விதமாகச் சொன்னால் முதலில் எந்த நாட்டு அகராதி என்று பாருங்கள். ஆய்வகம் பிரிட்டனில் ல-ˈபா-ர-ட்ரி, அமெரிக்காவில் ˈலாப்-ர-டோ-ரி. விளம்பரம் பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்-வர்-ˈடைஸ்-மன்ட். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள், போதும்.

அறிகுறி: சொல்லைப் பார்த்ததுமே வாய் அடைக்கிறது

மருத்துவமனைப் பலகையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு முழுப் பெயர் எழுதியிருந்தால் இப்படி இருக்கும்: ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஆங்கிலத்தில் 19 எழுத்து. பார்த்ததும் எழுத்துக் கூட்டத் தொடங்காதீர்கள், பாதியில் மூச்சு முட்டும்.

முதலில் பொருளாக வெட்டுங்கள். ஓட்டோ காது. ரைனோ மூக்கு, காண்டாமிருகத்தின் ரைனோதான், மூக்கில் கொம்பு வைத்தது என்று கிரேக்கத்தில் அதற்குப் பெயர். லாரிங் குரல்வளை. லஜி இயல். எல்லாம் தெரிந்த முகங்கள், பயம் பாதி போயிற்று.

இரண்டாவது, வால் என்ன? லஜி. இழுக்கிற ரகம். ஆக அழுத்தம் அதற்கு நேர் முன்னால் உள்ள அசையில், வேறு எங்கேயும் தேடவேண்டாம். பின்னாலிருந்து கட்டுங்கள்: ˈகா-ல-ஜி. அதை மட்டும் ஐந்து தடவை சொல்லுங்கள், பயாலஜி சொல்லும் அதே ராகம்.

மூன்றாவது, முன்னால் ஒட்டுங்கள். லா-ரிங்-ˈகா-ல-ஜி. பொருள் வெட்டு 'லாரிங்'குக்கு அப்புறம் விழுந்தது, ஆனால் வாய் அந்தக் கடைசி ஜி-யைப் பிய்த்து அடுத்த அசைக்குக் கொடுத்துவிட்டது, 'கா'வாக. இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழாது என்று முதலில் சொன்னேனே, அதைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இப்போது ரை-னோ-லா-ரிங்-ˈகா-ல-ஜி. கடைசியாக ஓ-டோ-வை ஒட்டினால் ஒன்பது அசையும் வந்துவிட்டது: ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-ˈகா-ல-ஜி.

முதல் ஆறு அசையையும் அவசரமில்லாமல், ஆனால் எதிலும் நிற்காமல் ஓட்டிவிட்டு, 'கா'வில் மட்டும் குரலைத் தூக்கி இறக்குங்கள். ஓட்டோவில் இரண்டு டகரம் போட்டுத் தமிழாக ஆட்டோ மாதிரி அழுத்தினால் மறுபடியும் எஞ்சின் முன்னால் போய்விடும். அது நடந்தால் வாலிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.